சாகாவரம் வாங்கியவன் வீட்டுப் பட்டா யார் பெயரில்?

02.11.2024, காலை

என் சிறுகதை வரைவைப் படித்த ஒரு வாசகரின் கேள்வி: “மனிதன் சாகவே மாட்டான் என்கிறீர்கள். அதுவே நடக்காத காரியம். நடக்காததை ஒப்புக்கொண்டுதான் படிக்க உட்காருகிறோம். அதற்கப்புறம் லாஜிக் எதற்கு? சின்ன வயதில் பாட்டி கதை சொன்னபோது லாஜிக்கா கேட்டோம்?”

கேட்டோம். நான் கேட்டேன். ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு குகை, குகைக்குள் கூண்டு, கூண்டுக்குள் கிளி, கிளிக்குள் அரக்கனின் உயிர். இந்தக் கதையில் ராஜகுமாரன் நேரே அரண்மனைக்குப் போய் அரக்கன் தலையை வாளால் வெட்டிக் கொன்றான் என்று பாட்டி முடித்திருந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்திருப்பேன். உயிர் கிளியில் இருக்கிறது என்று நீதானே சொன்னாய்? கிளிக்குள் உயிர் இருப்பதை ஐந்து வயதுப் பிள்ளை நம்பிவிடும். சொன்ன சொல்லை மீறினால் நம்பாது. கதைக்காரனுக்கு ஒரு பொய் இலவசம். அதற்குப் பிறகு எழுதுகிற ஒவ்வொரு வரியும் அந்தப் பொய்க்குக் கட்டுப்பட்டது.

02.11.2024, இரவு

காலையில் ஒன்று விட்டுப்போயிற்று. இரணியன் கேட்ட வரத்தை நினைத்துப் பாருங்கள். மனிதனாலும் மிருகத்தாலும் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது, மண்ணிலும் வானிலும் கூடாது, ஆயுதத்தாலும் கூடாது. தேர்ந்த வக்கீல் எழுதிய பத்திரம் மாதிரி இருக்கிறது. நரசிம்மம் அந்தப் பத்திரத்தில் ஒரு ஷரத்தைக்கூட மீறவில்லை. அந்தி நேரம், வாசற்படி, மடி, நகம். அந்தக் கதை இத்தனை நூற்றாண்டு நின்றதற்கு அந்த வாசற்படியும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆயுள் காப்பீட்டு முகவராக 24 வருடம் ஓட்டிவிட்டேன். பாலிசிப் பத்திரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் விலக்குகளைப் படித்துக் காட்டுவதே என் பிழைப்பில் பாதி. அதனால் இரணியன் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் கரிசனம்.

04.11.2024

வரைவைப் படிக்காதவர்களுக்குக் கதைச்சுருக்கம். 1785இல் தஞ்சாவூரில் பிறந்த ஒரு மராட்டிய எழுத்தர். இரண்டாம் சரபோஜி அரண்மனையில் மோடி எழுத்தில், அதாவது மராட்டியின் பழைய கூட்டெழுத்தில், கணக்கு எழுதுபவர். 1818இல் வாந்திபேதி ஊரைச் சூறையாடும்போது ஒரு மருந்து சாப்பிடுகிறார். பிழைக்கிறார். அப்புறம் சாகவேயில்லை. 33 வயதிலேயே நின்றுபோய் இன்றும் மேல வீதியில் அதே ஓட்டு வீட்டில் இருக்கிறார்.

இதற்கு ஒருவர் ஒரே வரியில் எழுதினார்: “வீட்டுப் பட்டா யார் பெயரில் இருக்கு?”

படித்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. உண்மையிலேயே யார் பெயரில்? பக்கத்து வீட்டுக்காரன் கிழவனாகிறான், இவர் ஆகவில்லை. முப்பது வருடத்துக்கு ஒருமுறை ஊரை விட்டுப் போய், தாடி வளர்த்து, தன் மகனாகத் தானே திரும்பி வரவேண்டும். மகனாக வந்தால் வீடு கைக்கு வர அப்பா செத்தாக வேண்டும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு அப்புறம் என்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டும். அதை வைத்துத் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதாவது சாகாத மனிதன் தான் செத்ததாகத் தானே மனு எழுதிக் கொடுக்க வேண்டும், தலைமுறைக்கு ஒருமுறை. என் வரைவில் 11 பக்கம் தத்துவம் இருந்தது. அந்த மனு இல்லை. அந்த மனுவை அவர் எழுதும் இடத்தில்தான் கதையே இருக்கிறது.

05.11.2024

‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஸ்விஃப்ட் 1726இலேயே இதை யோசித்துவிட்டார். கலிவர் போகும் ஒரு நாட்டில் சாகாதவர்கள் பிறக்கிறார்கள். இளமை மட்டும் நிற்பதில்லை. எண்பது வயதானதும் சட்டப்படி இறந்தவர்கள், சொத்து வாரிசுக்குப் போய்விடும். இருநூறு வருடம் கழித்து ஊர் பேசும் மொழியும் அவர்களுக்குப் புரியாது. பட்டா கேட்ட நண்பருக்கு முன்னோடி ஒருவர் இருந்திருக்கிறார்.

07.11.2024

“விபத்தில் சாவாரா?” என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

எங்கள் தொழிலின் அடித்தளமே இறப்பு அட்டவணை, எந்த வயதில் எத்தனை பேர் சாகிறார்கள் என்ற பட்டியல். லண்டனில் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் என்ற காப்பீட்டுக் கணக்காளர் 1825இல் ஒன்றைக் கவனித்தார்: வளர்ந்த மனிதன் அந்த வருடத்துக்குள் சாகும் வாய்ப்பு, வயது ஏற ஏற மடங்கு மடங்காகப் பெருகுகிறது. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 8 வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு. முதுமை என்று நாம் சொல்வது எங்கள் அட்டவணையில் அந்த ஏறுகோடுதான். அந்தக் கோட்டைப் படுக்க வைத்துவிட்டால் என் எழுத்தர் கிடைத்துவிடுவார். நோய் இல்லை, மூப்பு இல்லை. ஆனால் கோடு சுழியத்தைத் தொடாது. கிணறு இருக்கிறது, பாம்பு இருக்கிறது, லாரி இருக்கிறது.

வருடத்துக்கு ஆயிரத்தில் ஒருவர் சாகும் அளவு ஆபத்து என்று வைப்போம். 0.999ஐ அதனாலேயே பெருக்கிக்கொண்டே போனால் 693ஆம் வருடத்தில் பாதிப் பேர் காலி. ஆயிரம் வருடத்தில் நூற்றுக்கு 37 பேர் மிச்சம். ஐயாயிரம் வருடத்தில் ஆயிரத்துக்கு ஏழு பேர்கூடத் தேறாது. மற்ற ஆபத்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டுச் சாலையை மட்டும் எடுங்கள். 2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். சுமார் 142 கோடிப் பேருக்கு இதைப் பங்கிட்டால் வருடத்துக்கு ஏறத்தாழ 8,400இல் ஒருவர். வேறெதனாலும் சாகாத மக்களைக்கூட இந்தச் சாலை 5,800 வருடத்தில் பாதியாக்கிவிடும்.

ஆகவே “என்றென்றும்” என்ற சொல்லைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன்.

07.11.2024, சற்றுப் பிறகு

ஒருவர் திருத்தினார், நன்றி. அசுவத்தாமனை “என்றென்றைக்கும் அலைபவன்” என்று வேறொரு இடத்தில் எழுதியிருந்தேன். சௌப்திக பருவத்தில் கண்ணன் கொடுத்த சாபம் மூவாயிரம் வருடம் என்று எண்ணிச் சொன்னது. சிரஞ்சீவிகள் ஏழு பேரில் அவனையும் சேர்த்துச் சொல்லிச் சொல்லி, சாபத்துக்கு ஒரு காலக்கெடு இருந்ததே மறந்துபோயிற்று. மேலே போட்ட ஆயிரத்தில் ஒன்று கணக்குப்படி மூவாயிரம் வருடத்தைத் தாண்டுபவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர். வியாசர் நியாயமான எண்ணைத்தான் தந்திருக்கிறார்.

08.11.2024

மருந்து எப்படி வேலை செய்தது என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். செல்கள் பிரிவதற்கு ஓர் எல்லை உண்டு, 1961இல் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் காட்டியது, 40 முதல் 60 தடவை. குரோமோசோம் முனையில் இருக்கும் டெலோமியர் தேய்வதால் வரும் எல்லை அது. அந்தத் தேய்மானத்தை மருந்து நிறுத்தியது என்று எழுதினேன். மருத்துவம் படிக்கும் ஒரு தம்பி அடித்துவிட்டார்: “அண்ணே, எல்லையில்லாமல் பிரியும் செல்லுக்குப் பெயர் புற்றுநோய்.” ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண் 1951இல் 31 வயதில் புற்றுநோயால் இறந்தார். அவர் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் இன்றும் ஆய்வகங்களில் பிரிந்துகொண்டே இருக்கின்றன. செல் சாகாததால்தான் மனுஷி செத்தார்.

அந்தப் பத்தியை முழுசாக நீக்கிவிட்டேன். மருந்தைச் சாப்பிட்டார், பிழைத்தார், அவ்வளவு போதும். இலவசப் பொய்யை விளக்கப் போனால் அது இரண்டு பொய்யாகிவிடுகிறது.

09.11.2024

எல்லோருக்கும் சாவு நின்றால் பூமி தாங்குமா என்று ஒருவர். 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டோம். வருடத்துக்குச் சுமார் 13 கோடிக் குழந்தைகள். சாவு நின்றுபோனால் அறுபது வருடத்தில் இரட்டிப்பு, அப்புறம் நிற்கவே நிற்காது.

10.11.2024

நேற்று எழுதியதன் கடைசிப் பாதி தப்பு. ராத்திரி நோட்டில் போட்டுப் பார்த்தேன். நூறு பேர், ஐம்பது தம்பதி. தம்பதிக்கு ஒரே பிள்ளை என்றால் ஐம்பது பிள்ளைகள். அடுத்த தலைமுறை 25, அதற்கடுத்தது பன்னிரண்டரை. நூறோடு இவற்றைக் கூட்டிக்கொண்டே போனால் இருநூறைத் தாண்டாது, ஒருத்தர்கூடச் சாகாவிட்டாலும். தம்பதிக்கு இரண்டு பிள்ளை என்றால்தான் தலைமுறைக்கு நூறு நூறாக ஏறிக்கொண்டே போகும். சாகாத உலகில் கூட்டத்தை நிர்ணயிப்பது மருந்து இல்லை, தொட்டில். இதை வைத்தே வேறொரு கதை எழுதலாம், ஒரு தெருவில் ஒரே ஒரு குழந்தை மட்டும் இருக்கும் கதை. யாராவது எழுதுங்கள், நான் படிக்கக் காத்திருக்கிறேன்.

13.11.2024

இன்று கணக்கு வேண்டாம். பாட்டியை ஓய்வூதிய ஆயுள் சான்றுக்குக் கூட்டிப் போய் வந்தேன்.

அவளுக்கு 96 வயது. தாத்தா தபால் துறை, அவளுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. நவம்பரில் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். ஒரு வங்கிக் கிளையில் விரல்ரேகைக் கருவி. வலது ஆள்காட்டி விரலை வைத்தாள், எடுக்கவில்லை. பத்து விரலும் வைத்தாயிற்று. எழுபது வருடம் ஆட்டுக்கல்லும் அம்மியும் புளியும் சாம்பலும் பார்த்த விரல்கள். நான் உற்றுப் பார்த்தேன். நுனி கூழாங்கல் மாதிரி வழவழவென்றிருந்தது, ரேகை ஒரு கீற்றுகூட இல்லை. கவுன்டரில் இருந்தவர், “தலைமுடியில தேச்சுட்டு வைங்க, எண்ணெய் ஒட்டினா எடுக்கும்” என்றார். தேய்த்தாள். எடுக்கவில்லை. “நாளைக்கு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். 96 வயது மனுஷியை இரண்டு படி ஏற்றி இறக்கிக் கூட்டிப் போனவனுக்குத்தான் அந்த வார்த்தையின் கனம் தெரியும்.

வீட்டுக்கு வந்து போனில் முகத்தைப் படம் பிடிக்கும் முறையில் முயன்றோம். திரையில் ஒரு வட்டம், அதற்குள் முகம். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. “பாட்டி, கண்ணைச் சிமிட்டு.” அவளுக்குக் காது கேட்கவில்லை. நான் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து சிமிட்டிக் காட்டினேன். அவளும் சிமிட்டினாள், சிரித்துக்கொண்டே. உயிரோடு இருக்கிறாள் என்று பதிவாகிவிட்டது.

மத்திய அரசுக் குடும்ப ஓய்வூதியத்தில் 80 வயதுக்கு 20 சதவீதம் கூடுதல், 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50, நூறு வயதுக்கு முழு மடங்கு. அட்டவணை அங்கேயே முடிந்துவிடுகிறது. பிரான்ஸில் ஷான் கல்மான் என்ற மூதாட்டி 90 வயதில், 1965இல், தன் வீட்டைத் தன் காலத்துக்குப் பிறகு எடுத்துக்கொள்ளும்படி 47 வயது நோட்டரி ஒருவருக்கு எழுதிக் கொடுத்தார். தான் சாகும்வரை மாதம் 2,500 பிராங்க் தரவேண்டும் என்பது பேச்சு. நோட்டரி 1995இல் 77 வயதில் போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி தொடர்ந்து கட்டினார். கல்மான் 1997இல் 122 வயது 164 நாளில்தான் இறந்தார். ஆயுளை வைத்து எழுதும் எந்த ஒப்பந்தமும் “எப்படியும் ஒருநாள் முடியும்” என்ற நம்பிக்கையில்தான் கையெழுத்தாகிறது.

14.11.2024

நேற்றைய குறிப்பில் பாட்டியைப் பற்றி முக்கியமானதைச் சொல்லவில்லை. ராத்திரி அவளிடம் என் கதையைச் சொன்னேன். காதருகே கத்தித்தான் சொன்னேன். இருநூறு வருடமாக ஒருத்தன் சாகாமல் இருக்கிறான் என்று. கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: “அவனை யாருடா பேர் சொல்லிக் கூப்பிடுவா?”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவளே சொன்னாள். என்னை வாடி போடி என்று கூப்பிட உன் பெரிய பாட்டி இருந்தாள், அவளும் போய்ப் பத்து வருஷம் ஆச்சு. இப்போது நான் எல்லாருக்கும் பாட்டி, அத்தை, பெரியம்மா. என் பேரை நீ கார்டில் பார்த்துத்தான் சொல்கிறாய்.

ஐந்து பிள்ளைகளில் மூன்று பேரை அவள் வாரிக்கொடுத்திருக்கிறாள். ஆனால் சொன்னது இதைத்தான். எழுத்தருக்கு எங்கள் வீட்டு உறவுச்சொற்களை அடுக்கிப் பார்த்தேன். மகன், பேரன், கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன். அதற்குக் கீழே எங்களுக்கு வாயில் வரும் சொல் இல்லை. அவருக்கோ இன்று எட்டாவது தலைமுறை நடக்கிறது.

16.11.2024

பாட்டியின் பழைய கடிதக்கட்டில் அவள் எழுதும் ‘லை’, ‘ணை’ எல்லாம் தும்பிக்கையோடு இருக்கின்றன. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது அவளுக்கு ஐம்பது வயது. அவள் மாற்றிக்கொள்ளவில்லை. என் மகளுக்கு அந்தக் கடிதம் படிக்க வரவில்லை, எழுத்துக்கூட்டி நின்றுவிடுகிறாள். ஓர் ஆயுளுக்குள்ளேயே இவ்வளவு. மோடி எழுத்தைப் படிப்பவர்கள் இன்று தேடினாலும் அரிது, தஞ்சை மராட்டியர் ஆவணங்கள் கட்டுக்கட்டாக அந்த எழுத்தில்தான் இருக்கின்றன. என் எழுத்தருக்கு வேலை கிடைத்துவிட்டது! வரைவில் அவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்றே நான் சொல்லியிருக்கவில்லை. ஆவணம் படித்துச் சொல்லிக் கூலி வாங்குகிறார். சரளமாகப் படித்தால் சந்தேகம் வரும் என்று வேண்டுமென்றே தடுமாறிப் படிப்பார்.

17.11.2024

“இத்தனை வருடம் இழக்க இருக்கிறது என்றால் அவர் வீட்டை விட்டே வெளியே வரமாட்டாரே” என்று ஒருவர். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது இல்லை. நான் எழுதிக் கொடுத்த கிளைம்களில் மனதை விட்டுப் போகாதவை எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்களுடையவை. பைக், ஹெல்மெட் இல்லை. நாமினி இடத்தில் அம்மா பெயர். இழக்க அறுபது வருடம் இருந்தவர்கள்தான் அந்த வேகத்தில் போனார்கள். அறுபது தாண்டியவர்தான் ரோட்டைக் கடக்க இரண்டு பக்கமும் மூன்று தடவை பார்க்கிறார். மிச்சமிருக்கும் வருடத்தை எண்ணி யாரும் பயப்படுவதில்லை. எனவே எழுத்தர் சைக்கிளில்தான் போவார்.

19.11.2024

ஒரு வாசகி கேட்டது: “மருந்தைப் பொண்டாட்டிக்கு ஏன் தரவில்லை?”

பட்டா கேள்வியைவிடப் பெரிய ஓட்டை இது. 1818இல் 33 வயது அரண்மனை எழுத்தருக்குக் கல்யாணம் ஆகாமல் இருக்குமா? நான் அவளை எழுதவே மறந்திருக்கிறேன். மறந்தேன் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து வருடமாக வைத்திருக்கும் வரைவு.

நம் கதைகளில் இந்தக் கேள்விக்கு எப்போதும் பதில் இருக்கிறது. அதியமான் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான். புறநானூற்று 182ஆம் பாட்டில், இந்திரனின் அமிழ்தமே கிடைத்தாலும் இனிது என்று தனியே உண்ணாதவர்களால்தான் இந்த உலகம் இருக்கிறது என்கிறான் ஒரு பாண்டியன். அவன் பெயரைப் பாருங்கள், கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. மூப்பும் இல்லை, நோயும் இல்லை, கடல். அமிழ்தத்தைப் பாடியவனைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவன் எப்படிச் செத்தான் என்பது மட்டும். 07ஆம் தேதி போட்ட அத்தனை கணக்கும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. இருபது வருடமாக எனக்கு இந்தப் பாட்டு தெரியும், இன்றுதான் பெயரைப் படித்தேன்.

23.11.2024

நான்கு நாள் யோசித்தேன். இப்படி மாற்றுகிறேன்.

சரபோஜி நிறுவிய தன்வந்திரி மகாலில் மருந்துகள் செய்து பார்த்தார்கள். வாந்திபேதிக்கு ஒன்று, வீட்டுக்கு இரண்டு பொட்டலம். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. ஒரு பொட்டலம் நோயை மட்டும் நிறுத்தும், இரண்டு சேர்ந்தால் சாவையும். அவள் தன்னுடையதையும் கஞ்சியில் கலந்து அவருக்கே ஊட்டிவிட்டாள். அவருக்கு அது தெரியாது. அவருக்கு மட்டும் ஏன் என்ற கேள்விக்கும், வேறு யாரும் ஏன் இப்படி ஆகவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்து ஒரே பதில்.

24.11.2024

ஒரு சந்தேகம் வந்தது. இருநூறு வருடம் கழித்து அவருக்கு அவள் நினைவிருக்குமா? என் அப்பா போய் 21 வருடம். முகம் போட்டோவால் நிற்கிறது. குரல் போய்விட்டது. செருமுவார், அந்தச் செருமல் மட்டும் எப்போதாவது காதில் வருகிறது. 21 வருடத்துக்கே இப்படி என்றால் 206 வருடத்துக்கு? போட்டோவும் இல்லை. நினைவிருக்காது. முகம் இருக்காது, பேரும் இருக்காது. இருக்கும் என்று எழுதினால் அது இரண்டாவது பொய்.

25.11.2024

கடைசிப் பக்கம் நேற்று இரவு வந்தது.

ஆவணக்கட்டு ஒன்றைப் படித்துச் சொல்லக் கொடுக்கிறார்கள். 1818, மருந்து வழங்கிய கணக்கு. முதல் வரியிலேயே தன் கையெழுத்து என்று தெரிந்துவிடுகிறது. வழக்கம்போலத் தடுமாறுவது மாதிரி நடித்துப் படித்துக்கொண்டே வருகிறார். தெரு, வீடு, பொட்டலம் இரண்டு. முதல் பொட்டலத்துக்கு எதிரே அவர் பெயர். இரண்டாவதற்கு எதிரே ஒரு பெண்ணின் பெயர், வீட்டில் கூப்பிடும் சின்னப் பெயர், அரண்மனைக் கணக்கில் எழுதக்கூடாதது. இந்த இடத்தில் அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே தடுமாறுகிறார். எதிரில் உட்கார்ந்திருப்பவர், “என்ன எழுதியிருக்கு?” என்று கேட்கிறார்.

அந்தப் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. தஞ்சாவூர் மராட்டிய வீடுகளில் பெண்பிள்ளைகளைச் செல்லமாக எப்படிக் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.